வரைபடம் கேட்கும் வெள்ளவத்தை, குழாய் கேட்கும் கொட்டாஞ்சேனை

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொலன்னாவைப் பக்கத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஐந்து கிழமை கழித்து, மே 18 அன்று, வெள்ளவத்தையில் சவோய் தியேட்டருக்குப் பின்புறம் சார்ள்மன்ட் வீதியில் கட்டிக்கொண்டிருந்த மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. அங்கும் உயிர் போனது.

பத்திரிகைகளில் இவை இரண்டு தனிச் செய்திகள். ஒன்று குப்பைப் பிரச்சினை, மற்றது கட்டடப் பிரச்சினை. ஆனால் இரண்டும் கொழும்பு மாநகர சபையின் வாசலுக்குத்தான் வந்து சேர்கின்றன. மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்தது மாநகரத்துக் குப்பை. குவிந்த இடம் மாநகர எல்லைக்கு வெளியே. 2009 வரை அந்தக் குப்பை கொட்டாஞ்சேனையை ஒட்டிய புளூமெண்டலில் விழுந்துகொண்டிருந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் லொறிகள் வழி மாறின. வடகொழும்பின் சுமை ஒரு கட்டத்தில் அயலவரின் தலைக்குப் போனது. வெள்ளவத்தை இருக்கும் தென்கொழும்பின் சுமையோ உள்ளூரிலேயே, மாடிக்கு மேல் மாடியாக ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் அருகருகே வைத்தால் முதலில் தெரிவது, ஒரே சபையிடம் இரண்டு ஊர்களும் இரண்டு விதமாகப் போகின்றன என்பதே. வெள்ளவத்தைக்காரர் கையில் வரைபடத்துடன் போய் அனுமதி கேட்கிறார். கொட்டாஞ்சேனைத் தோட்டத்துக்காரர் (வரிசை வீடுகள் நெருங்கிய குடியிருப்பை இங்கே தோட்டம் என்பார்கள்) வெறுங்கையுடன் போய்த் தண்ணீர்க் குழாய் கேட்கிறார், அடைத்துக் கிடக்கும் கானைத் துப்புரவாக்க ஆள் கேட்கிறார். முன்னவருக்குச் சபை என்பது கையொப்பம். பின்னவருக்கு அது மண்வெட்டி.

இன்றைய நிலையைப் பார்த்து, வெள்ளவத்தை என்றைக்கும் வசதிக்காரரின் இடம், கொட்டாஞ்சேனை என்றைக்கும் கூலிக்காரரின் இடம் என்று எண்ணுவோர் உண்டு. நடந்தது நேர்மாறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கொழும்புச் செல்வந்தர்களின் மாளிகைகள் கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும்தான் இருந்தன. கடற்காற்று, துறைமுகக் காட்சி, பக்கத்திலேயே கோட்டை. 1875இல் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுக அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அந்த வேலை முடிந்தது. கப்பல்கள் பெருகின. நிலக்கரித் தூளும் பொதி வண்டிகளும் கூலியாட்களும் பெருக, பணக்காரர் கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தார்கள். விட்டுப்போன வளவுகளுக்குள் வரிசை வீடுகள் எழுந்தன. செயின்ட் லூசியா பேராலயமும், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலும் அந்தப் பழைய செல்வத்தை இன்றும் சொல்லி நிற்கின்றன. சுற்றியுள்ள தோட்டங்கள் பிறகு வந்த கதையைச் சொல்கின்றன.

வெள்ளவத்தையில் அந்தக் காலத்து அடையாளம் நூற்பு நெசவு ஆலை. 1933இல் அங்கு நடந்த வேலைநிறுத்தத்தை கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் முன்னின்று நடத்தினார்கள். இரண்டு வருடத்தில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. ஒருகாலத்தில் சங்கு ஊதி ஆட்களை அழைத்த அந்த ஆலை நிலத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்கின்றன.

இந்தத் தலைகீழ் மாற்றம் எதையும் மாநகர சபை தீர்மானிக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் பிறந்த சபை, துறைமுகம் வந்தபோதும் ஆலை வந்தபோதும் பின்னால் போய்க் கான் வெட்டியது. 1921இல் பற்றிக் கெடிஸ் நகரத்துக்கு ஒரு திட்டம் எழுதினார், 1948இல் அபர்குரொம்பி இன்னொன்று எழுதினார். இரண்டும் நல்ல வாசிப்பு. அதற்கு மேல் கொட்டாஞ்சேனைக்கு அவற்றால் பெரிதாக என்ன கிடைத்தது என்று கேட்டால், பதில் சொல்வது கடினம்.

வெள்ளவத்தையின் இன்றைய தோற்றம் 1983க்குப் பிந்தியது. அந்த ஆண்டு தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் எரிந்த அதே ஊருக்கு, போர் வளர வளர வடக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய பணமும் வந்தது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் பங்களாக்கள் விழுந்து பிளட்ஸ் எழுந்தன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரைபடம் உண்டு. வீதிக்கோடு, பின்புறத் திறந்தவெளி, வாகனத் தரிப்பு, மாடி உயரம் எல்லாம் காணிக்குக் காணி அளந்து பார்க்கப்படும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கட்டடக் காணிக்குக் குறைந்த அளவாக 150 சதுர மீற்றர், அதாவது 6 பேர்ச், என்று வைத்தன. விதிக்கு உட்பட்டால் அனுமதி.

கோளாறு இங்கேதான். ஒரு காணியைத் தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி. பத்துப் பன்னிரண்டு பங்களாக்களுக்காக வெட்டிய ஒழுங்கையில் பத்துப் பன்னிரண்டு அடுக்குமாடிகள் வந்தபின், அந்த ஒழுங்கையின் மொத்தக் கணக்கு எந்த மேசையிலும் இல்லை. எத்தனை வாகனம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கழிவு, தீயணைப்பு வண்டி திரும்ப இடமுண்டா என்று ஒழுங்கை முழுவதற்குமாகக் கேட்கும் கட்டம் நடைமுறையில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் வழக்கமாக விடயத்தை அறிவது கலவை இயந்திரம் வந்து நின்ற பிறகுதான். குடிபுகுமுன் இசைவுச் சான்றிதழ் பெறவேண்டும் என்பது விதி. ஆனால் வாங்கியவர் சாமான்களை ஏற்றிவிட்ட பிறகு சட்டம் யாரை இறக்கப் போகிறது? அதன்பின் மின்தூக்கி, தண்ணீர்த் தாங்கி, கூரை ஒழுக்கு எல்லாம் குடியிருப்போரின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் தலையில். சபை படலையோடு நின்றுவிடுகிறது, சோலைவரி மட்டும் உள்ளே போய்த் திரும்பி வரும்.

கொட்டாஞ்சேனைத் தோட்டங்களில் சபைக்குப் படலை என்றே ஒன்றில்லை. பொதுக் குழாய், பொது மலசலகூடம், நடுக் கான் என்று அது வீட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. 2001இல் மாநகர சபையும் செவனத்த என்ற தொண்டு நிறுவனமும் நடத்திய கணக்கெடுப்பில் மாநகருக்குள் 1,614 குறைவசதிக் குடியிருப்புகளும் அவற்றில் 77,612 குடும்பங்களும் பதிவாயின. வடகொழும்பில் அவை நெருக்கமாக உள்ளன. 1973ஆம் ஆண்டு வீட்டு உடைமை உச்சவரம்புச் சட்டம் பல தோட்டங்களைச் சொந்தக்காரரின் பிடியிலிருந்து விடுவித்தது. வாடகைக்காரருக்கு அது பெரிய வெற்றி, சந்தேகமில்லை. ஆனால் பழைய முதலாளி கைவிட்ட கானையும் கூரையையும் யார் பார்ப்பது என்பதற்கு அந்தச் சட்டத்திடம் தெளிவான பதில் இருக்கவில்லை. நாளடைவில் எல்லாம் சபையின் வேலையாள்மீது வந்து விழுந்தன.

இந்த இடத்தில் சபைக்குப் புகழ் சொல்லத்தான் வேண்டும். 1970களின் இறுதியில் யுனிசெப் துணையுடன் தோட்டங்கள்தோறும் சமூக அபிவிருத்தி மன்றங்கள் அமைக்கப்பட்டன. குழாய் எங்கே வரவேண்டும், மலசலகூடத்தின் சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்று தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்து பேசி, சபையின் சுகாதாரப் பகுதியிடம் நேரே சொல்ல முடிந்தது. காணிக்குக் காணி அளக்கும் வெள்ளவத்தையில் இப்படி ஓர் ஏற்பாடு ஒருபோதும் இருந்ததில்லை. படித்தவர், பணமுள்ளவர் வாழும் பகுதியில் அயலாருக்கு வாயில்லை; வறிய தோட்டத்துக்கு, கொஞ்சக் காலமாவது, வாய் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கும்வரை இது கண்ணில் படுவதில்லை.

அந்த மன்றங்களின் குரல் தேய்ந்ததற்கு ஒரு முக்கிய காரணம், முடிவெடுக்கும் இடம் நகர்ந்துபோனது. 1978இல் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபைக்கே திட்டமிடல் அதிகாரம் சட்டப்படி உரியது. மாநகர சபை அது கையளித்ததைக் கொண்டு அனுமதி வழங்குகிறது. 2010இல் அந்த அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. தோட்டங்களை அகற்றி மக்களை உயர்ந்த தொடர்மாடிகளுக்கு ஏற்றும் திட்டம் வேகம் பிடித்தது. குழாய் எங்கே வரவேண்டும் என்று பேசிப் பழகியவர்களிடம், எந்த மாடி வேண்டும் என்றுகூடச் சரியாகக் கேட்கப்படவில்லை. மேலே போன குடும்பத்துக்கு வீட்டுக்குள் குழாய் கிடைத்தது, கழிவறை கிடைத்தது. மின்தூக்கி நின்றால் மட்டும் வெள்ளவத்தைக்காரரின் தலையிடியே அந்தக் குடும்பத்துக்கும், அதைத் திருத்தும் காசு இல்லாமல்.

நிலத்துக்குக் கீழே இரண்டு ஊர்களும் ஒன்றுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடத் தொடங்கிய கழிவுக் குழாய் வலையமைப்பின் இரு முனைகள், வடக்கே முகத்துவாரம், தெற்கே வெள்ளவத்தை. இரு இடங்களிலும் நீண்ட குழாய் வழியாகக் கழிவு கடலுக்குள் போகிறது. நெடுங்காலம் சல்லடையில் வடித்ததோடு சரி. மேலே எவ்வளவு விலைக்குப் பிளட் விற்றாலும் முடிவு அதே கடல்.

வீதிகளிலோ வேறுபாடு அப்பட்டம். வெள்ளவத்தைக்கு மரைன் டிரைவ் வந்தது, ரயில் பாதையை ஒட்டி. காலி வீதியின் நெரிசல் சற்றுக் குறைந்தது. கடற்பக்கக் காணிகளுக்கு இன்னொரு முகம் கிடைத்து விலை ஏறியது. வடக்கே களனிப் பாலத்திலிருந்து துறைமுகத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் தூண்கள் மேல் போகும் அதிவேக வீதி போடத் தொடங்கினார்கள், 5 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கொள்கலன் லொறிகள் மேலே போவது நல்லதுதான். கீழேயிருப்பவர் புகை குறையும் என்று நம்பலாம். ஆனால் அது கொட்டாஞ்சேனைக்காகப் போட்ட வீதி அல்ல, அவர்களைக் கடந்துபோகப் போட்ட வீதி. இரண்டிலும் மாநகர சபை வெறும் பார்வையாளர்.

சபைக்குள் இவற்றைக் கேட்க ஆள் இருந்தார்களா என்றால், ஒருகாலத்தில் இருந்தார்கள். வடகொழும்பு வாக்காளர் அரசாங்க சபைக்கு அனுப்பிய இரத்தினசோதி சரவணமுத்துதான் 1937இல் கொழும்பின் முதல் தெரிவுசெய்யப்பட்ட மேயர். பிறகு விகிதாசார முறையில் பல தசாப்தங்கள் முழு நகரமும் ஒரே தொகுதி. உறுப்பினர் எல்லோருக்கும் பொது, அதனால் ஒருவருக்கும் சொந்தமில்லை. 2018இல் வட்டாரம் திரும்பி வந்தது. வெள்ளவத்தை வடக்கு, தெற்கு, கொட்டாஞ்சேனை கிழக்கு, மேற்கு என்று பெயர்சொல்லிக் கூப்பிடக்கூடிய உறுப்பினர்கள் கிடைத்தார்கள். ஐந்து வருடத்தில் அதுவும் நின்றது: 2023 மார்ச் முதல் இரண்டு வருடத்துக்கு மேலாகச் சபையே இல்லை, ஆணையாளர் மட்டும். 2025 மே தேர்தலுக்குப் பின் ஜூன் 16 அன்று 61க்கு 54 என்ற வாக்கில் வ்ராய் கெலி பல்தசார் மேயரானார்.

புதிய உறுப்பினரிடம் வெள்ளவத்தைக்காரர் கேட்கும் கேள்வி, பக்கத்துக் காணியில் எத்தனை மாடி வரப்போகிறது என்பது. கொட்டாஞ்சேனைத் தோட்டத்தார் கேட்பது, எங்களை எப்போது எழுப்பப் போகிறார்கள் என்பது. சின்னக் கட்டடமென்றால் முதலாவதற்கு நகர மண்டபத்தில் பதில் கிடைக்கலாம். பெரியதென்றால் அந்தக் கோப்பும், இரண்டாவது கேள்விக்கான கோப்பு முழுவதும், பத்தரமுல்லை செத்சிறிபாயவில் இருக்கின்றன. மாநகர எல்லைக்கு வெளியே, இந்த நான்கு வட்டாரங்களிலிருந்து ஒருவரும் வாக்களித்து அனுப்பாத அலுவலகத்தில்.