கார்ப்பெட் ஏரியா: ஒரு சொல்லின் அளவு

மும்பையில் மாட்டுங்காவுக்கும் வடாலாவுக்கும் அண்மையில் உள்ளது ஆண்டாப் ஹில். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பும் குடிசைப் பகுதிகளும் புதிய அடுக்குமாடிகளும் இங்கு அருகருகே நிற்கின்றன. இப்பகுதித் தமிழர் வீடு வாங்குவது பற்றிப் பேசும்போது புழங்கும் சொற்களில் தமிழ் மிகக் குறைவு. ‘சால்’, ‘கோலி’, ‘பகடி’ ஆகியவை மராத்தி, இந்தி வழியே வந்தவை. ‘கார்ப்பெட்’, ‘லோடிங்’, ‘ஓ.சி.’ ஆகியவை ஆங்கில வழியே வந்தவை. ஊரில் கிரவுண்டு, சதுரம், பட்டா என்று பேசிப் பழகியவர்க்கு இவை அந்நியமானவை. இதற்கு மொழி மட்டும் காரணமன்று. தமிழகத்துப் பேச்சில் வீடு முதலில் மனை. மும்பையில் அது அந்தரத்தில் உள்ள பரப்பு.

‘பகடி’ என்பதன் நேர்ப்பொருள் தலைப்பாகை. 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டு அளவில் நிறுத்தியது. இழந்த வருவாயை ஈடுசெய்ய உரிமையாளர் இரசீதின்றி வாங்கிய மொத்தத் தொகையே பகடி. நெடுங்காலம் குற்றமாயிருந்த அதனை 1999ஆம் ஆண்டு மகாராட்டிரச் சட்டம் ஏற்றுக்கொண்டது. வாடகையில் ஆதாயம் குன்றியபோது கட்டுநர் விற்பனைக்குத் திரும்பினர். அதை ஒழுங்குசெய்ய 1963இல் உரிமைக் குடியிருப்புச் சட்டம் வந்தது. இன்றும் மும்பைப் பேச்சில் ‘ஓனர்ஷிப்’ என்பது பகடிக்கு எதிர்ச்சொல்லாகவே ஒலிக்கிறது.

எனினும் வாங்குவோரை மிகவும் அலைக்கழித்த சொல் ‘ஏரியா’தான். கார்ப்பெட் என்பது, பெயர் சொல்வதுபோல, கம்பளம் விரிக்கக்கூடிய தரை. சுவர்களைச் சேர்த்தால் பில்டப். மாடிப்படி, மின்தூக்கி, நடைவழி ஆகியவற்றின் பங்கையும் ஏற்றினால் சூப்பர் பில்டப். இவ்வேற்றத்துக்கே ‘லோடிங்’ என்று பெயர். கார்ப்பெட்டின் மீது 40 விழுக்காடு லோடிங் எனில், 1,000 சதுர அடி என விளம்பரப்படுத்தப்படும் வீட்டில் புழங்கத்தக்கது ஏறத்தாழ 714 சதுர அடியே. லோடிங் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் விற்பவரே முடிவு செய்தார்.

சட்டங்களும் இச்சொல்லுக்கு ஒரே பொருளைத் தரவில்லை. மும்பையின் 1991ஆம் ஆண்டு வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள் சுவர்கள் அடைக்கும் இடத்தைக் கார்ப்பெட்டிலிருந்து நீக்கின. ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு மத்தியச் சட்டமோ வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடம் ஆகியவற்றை விலக்கி, உள்தடுப்புச் சுவர்களைச் சேர்த்துக்கொண்டது. நாலரை அங்குலத் தடிமனில் மொத்தம் 30 அடி நீளமுள்ள உட்சுவர்கள் அடைப்பது 11 சதுர அடிக்குச் சற்று மேல். சதுர அடி 25,000 ரூபாய் என்று கொண்டால், அச்சுவர்களின் அடியிலுள்ள தரை மட்டும் 2.8 இலட்சம் ரூபாய்! பழைய வீட்டின் கார்ப்பெட்டையும் புதிய வீட்டின் கார்ப்பெட்டையும் அப்படியே ஒப்பிடுவோர் இரு வேறு அளவுகோல்களை ஒன்றெனக் கொள்கின்றனர்.

குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் இதே சொல்லின் இயல்பு வேறு. 1995இல் அமைந்த ஆணையத்தின் திட்டப்படி, தகுதியுடைய குடும்பத்துக்கு இலவச வீடு. அதே மனையில் கட்டுநர் விற்பனைக் கட்டடமும் எழுப்பலாம். இலவச வீட்டின் கார்ப்பெட் முதலில் 225 சதுர அடி. பின்னர் 269, அதன்பின் 300. இந்த எண்கள் விலைக்கணக்கு அல்ல, உரிமைக்கணக்கு. அதனால்தான் ஆங்கிலம் அறியாத மூத்தோரும் ‘கார்ப்பெட்’டை எழுத்துப் பிசகாமல் சொல்கின்றனர், விற்பனைக் கட்டடத்தில் குடியேறுபவர் அதனைப் பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்.

‘ஓ.சி.’, அதாவது குடிபுகச் சான்று, வேறு வகைச் சொல். அது இல்லாதபோதே அதன் பொருள் விளங்கும். ஒர்லியின் கம்பா கோலா வளாகத்தில் அனுமதிக்கு மேல் எழுந்த மாடிகளில் மக்கள் பல்லாண்டுகள் குடியிருந்தனர். அம்மாடிகளை இடிக்க வேண்டும் என்ற முடிவை 2013இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தபோது, அவர்கள் கையிலிருந்த விற்பனை ஒப்பந்தங்கள் அவற்றைக் காக்கவில்லை.