முக்கோணியின்மீது முக்கோணி

சின்ன ஆசியாவின் மேற்குக் கரையில், இன்றைய துருக்கி நாட்டில், கிரேக்கரின் மிலேத்தசு நகரம் பெருந்துறைமுகமாக விளங்கியது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அந்நகரில் வாழ்ந்த தேலீசு என்னும் அறிஞர், கரையில் நின்றவாறே கடலிலுள்ள கப்பலின் தூரத்தைக் கணித்தார் என்பர். அச்செய்தியை எழுதிவைத்தவர் கி.பி. 5ஆம் நூற்றாண்டினரான புரோக்கிளசு. அவருக்கு ஆதாரம், அரித்தோத்திலின் மாணாக்கர் யூடேமசு. ஒரு முக்கோணியின் இரு கோணங்களும் ஒரு பக்கமும் மற்றொன்றின் ஒத்த கோணங்களுக்கும் பக்கத்துக்கும் சமமாயின், அவை ஒருங்கிசையும் என்ற தேற்றத்தை யூடேமசு தேலீசுக்கே உரியதாக்கினார். அதனை அறியாதவர் கப்பலின் தூரத்தைக் கண்டிருக்க இயலாது என்பதே அவர் கூறிய நியாயம். இது சான்று அன்று, ஊகமே. எனினும் நல்ல ஊகம்.

தூரத்தை அளக்கும் வழிகளுள் ஒன்று இது. கரையில் ஓரிடத்தில் நின்று கப்பலை நேரே நோக்கவேண்டும். அந்நோக்குக்குச் செங்கோணமாகக் கரையோரம் 50 அடி நடந்து ஒரு கோலை நாட்டவேண்டும். அதே நேரில் மேலும் 50 அடி சென்று, பின்னர் கடலைவிட்டுத் தரைப்பக்கமாகச் செங்கோணத்தில் திரும்பி நடக்கவேண்டும். திரும்பிப் பார்க்கையில் கோலும் கப்பலும் எவ்விடத்தில் ஒரே நேரில் தோன்றுகின்றனவோ, அவ்விடத்தில் நிற்கவேண்டும். தரையில் அவ்வாறு நடந்த தூரமே கப்பலின் தூரம். கோலின் இருபுறமும் உள்ள கோணங்கள் குத்தெதிர்க் கோணங்கள், செங்கோணங்கள் சமம், 50 அடிகளும் சமம். கப்பல் ஒரு மைல் தொலைவில் நின்றால் கரையிலும் ஒரு மைல் வெளி வேண்டும் என்பதும், அதுவரை கப்பல் நகராதிருக்கவேண்டும் என்பதும் வேறு கதை!

கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவிலிருந்த யூக்கிளிட்டு, தம் நூலின் முதற் புத்தகத்தில் இவ்விதிகளை ஒழுங்குபடுத்தினார். இரு பக்கமும் அவற்றின் இடைக்கோணமும் சமமாதல் 4ஆம் தேற்றம். மூன்று பக்கங்களும் சமமாதல் 8ஆம் தேற்றம். தேலீசுக்கு உரியதென்ற தேற்றம் 26ஆவது. இடைக்கோணம் என்ற சொல்லை விட்டுவிட்டால் விதி உடனே பொய்த்துவிடும். 30 பாகைக் கோணம் ஒன்றை வரைந்து, அதன் ஒரு கையில் 10 அங்குலம் குறித்து, அப்புள்ளியை மையமாகக் கொண்டு கவராயத்தை 6 அங்குலத்துக்கு விரித்துச் சுழற்றினால், மற்றைக் கையை அது ஈரிடத்தில் வெட்டும். அளவுகள் மூன்றும் ஒன்றே, முக்கோணிகளோ இரண்டு. மூன்று கோணங்கள் மட்டும் சமமாயின் வடிவம் ஒக்குமேயன்றி அளவு ஒவ்வாது. ஆனால் கோளத்தின் மேற்பரப்பில் மூன்று கோணங்களே போதும் என்று பிற்காலத்து மெனெலாசு நிறுவினார்.

இனி 4ஆம் தேற்றத்தின் நிறுவலுக்கு வருவோம். ஒரு முக்கோணியை எடுத்து மற்றொன்றின்மீது வைத்தால் யாவும் பொருந்தும் என்கிறார் யூக்கிளிட்டு. சிறு பிள்ளையும் ஒப்புக்கொள்ளும் வாதம் இது. ஆயினும் உருவத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம் என்பதற்கு அவர் வகுத்த எடுகோள்களுள் இடமில்லை. அவருக்கே இதில் மனநிறைவு இருந்ததாகத் தோன்றவில்லை. முதற் புத்தகத்தில் 4ஆம், 8ஆம் தேற்றங்களிலன்றி இம்முறையை அவர் கையாளவில்லை. 26ஆம் தேற்றத்தைக்கூட 4ஆவதன் துணைகொண்டே நிறுவுகிறார்.

பிரான்சிய அறிஞர் சாக் பெலெத்தியே 1557இல் இக்குறையை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். ஒன்றை மற்றொன்றின்மீது வைப்பது நிறுவலாகுமாயின், ஒரு கோட்டின் நீளத்தை வேறோர் இடத்தில் அமைக்க யூக்கிளிட்டு 2ஆம் தேற்றத்தில் பட்ட பாடு எதற்கு? கோட்டையே தூக்கி வைத்திருக்கலாமே! இக்கேள்விக்கு மறுமொழி எளிதன்று. 4ஆவதை நிறுவாமலே ஏற்றுக்கொள்வது தகும் என்பது அவர் கருத்து.

342 ஆண்டுகள் கழித்து, 1899இல், செருமனியின் கோட்டிங்கன் நகரப் பேராசிரியர் டேவிட் ஹில்பேட் கேத்திரகணிதத்தின் அடிப்படைகளைப் பற்றிய தம் நூலில் அவ்வாறே செய்தார். இரு பக்கமும் இடைக்கோணமும் பற்றிய கூற்றை அவர் வெளிப்படையுண்மைகளுள் ஒன்றாக வைத்தார். ஏனைய வெளிப்படையுண்மைகள் யாவும் மெய்யாக, இஃது ஒன்று மட்டும் பொய்க்கும் ஓர் அமைப்பையும் ஆக்கிக் காட்டினார். ஆகவே மற்றவற்றிலிருந்து இதனை எவராலும் நிறுவ முடியாது என்பது உறுதியாயிற்று. அப்போதும் அவர் வேண்டிய அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சிய கோணங்கள் சமம் என்பதை மட்டுமே நிறுவாமல் ஏற்றார். மூன்றாம் பக்கம் சமம் என்பதை அதிலிருந்து சில வரிகளில் நிறுவினார்.