சொல்லும் உரிமையும் நிறுத்தும் உரிமையும்: பட்டாசு அறையை முன்வைத்து

சிவகாசி வட்டாரத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாளே கேட்கும் குரல், தொழிலாளர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்பது. பயிற்சி வேண்டாமென்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிறவருக்கு ஆபத்து தெரியவில்லை என்ற முடிவும் அந்தக் குரலுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைத்தான் ஏற்க முடியவில்லை.

அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு, தரையில் ரப்பர் விரிப்பு, வெளிப்பக்கம் திறக்கும் கதவு, பித்தளையிலும் மரத்திலும் கருவிகள்: இவற்றின் நடுவே நாளைக் கழிப்பவருக்கு உராய்வைப் பற்றி வகுப்பெடுக்க அதிகம் மிச்சமில்லை. வெடியுப்பும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவை ஈரம் பட்டால் தானே சூடேறும். அன்று கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும் என்பதும் அவர் அறிந்ததே. மாலையில் மருந்து மிஞ்சினால் என்ன செய்வது? அழிக்க வேண்டும் என்கிறது விதி. கூலியோ செலுத்திய எண்ணிக்கைக்கு. மிச்சத்தை அழித்தால் அவர் கணக்கில் ஒன்றும் ஏறாது. ஆகவே கை வேகமெடுக்கிறது, அல்லது மருந்து இரவு தங்குகிறது. இந்த இடத்தில் பயிற்சிக் கையேடு பேசுவதில்லை, கூலிச் சீட்டு பேசுகிறது.

போபாலின் பூச்சிமருந்து ஆலையிலும் அறிவுக்குப் பஞ்சமிருக்கவில்லை. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்தபின் தொழிற்சங்கத்தினர் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். 1984 டிசம்பரில் நிகழ்ந்த பெரும் நச்சுவாயுக் கசிவுக்குப் பிறகே சட்டம் விழித்தது. 2025 வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்ந்த 41ஜி பிரிவு, தொழிலாளர்களும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழுவைத் தந்தது. 41எச், உடனடி ஆபத்து என்று அஞ்சினால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் தெரிவிக்கும் உரிமையைத் தந்தது. கவனியுங்கள், தெரிவிக்கும் உரிமை. நிர்வாகம் சரிசெய்ய வேண்டியிருந்தது. கருத்து வேறுபட்டால் ஆய்வாளர் முடிவே இறுதியாக இருந்தது. அதுவரை அறையில் இருப்பவர் வெளியே வரலாமா, வந்தால் அன்றைய கூலி என்னாகும் என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இருக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை, நியாயமான அச்சத்தோடு ஆபத்தை விட்டு விலகியவரைத் தண்டிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

41எச் பிரிவை அளவுகோலாகப் பட்டாசு அறைக்குள் வைத்துப் பார்த்தால் இன்னொரு சிக்கல் தெரிகிறது. உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் உள்குத்தகையில் வேறொருவர் கையில் என்றால், யாரிடம் தெரிவிப்பது? போர்மேனிடமா? அவரும் அதே குத்தகைக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர். சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்தபோது, உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட நிலையிலும் வேலை நடந்ததாகச் செய்திகள் வந்தன. காலையில் வேலைக்கு வந்தவருக்கு அதை அறிய என்ன வழி இருந்தது? மருந்தைக் கையாளும் முறை எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தாலும் உரிமத்தின் நிலை அதில் தெரியாது.

ஆகவே பாதுகாப்பில் தொழிலாளர் பங்கேற்பு என்பதைக் குழுக் கூட்டத்துக் கையெழுத்தாக அல்ல, மூன்று ஏற்பாடுகளாகக் கேட்க வேண்டும்: வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம், நிறுத்திய நேரத்துக்கும் அழித்த மருந்துக்கும் ஈடான கூலி, உரிமத்தின் அன்றைய நிலையைத் தமிழில் சொல்லும் பலகை ஆலை வாசலில். முதலாளிகள் தயங்கப்போவது இரண்டாவதற்குத்தான்.