கோடைச் சந்தையில் பாட்டுப் படம்

படக்காட்சி என்றாலே பாட்டு என்று பழகிப்போன நமக்கு, "பாட்டுப் படம் விலைபோகுமா?" என்னும் கேள்வி வேடிக்கையாகவே தோன்றும். 1931-ம் ஆண்டில் வாய்திறந்த நாள்முதல் தமிழ்ப்படம் பாடிக்கொண்டே வந்திருக்கிறது. பாட்டில்லாத படமொன்று வருமாயின் அதனையே நாம் புதுமையென்று பேசுகிறோம். அமெரிக்க நாட்டிலோ நிலைமை நேர்மாறானது. கதைமாந்தர் நின்றவிடத்தில் பாடத் தொடங்கும் படம் அங்கே தனியொரு வகை. அத்தகைய படத்தைக் கோடைக்காலத்தில் வெளியிடப் போவதாக ஒரு கம்பெனியார் அறிவித்தால், படவியாபாரிகளும் பத்திரிகைக்காரரும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவர். பெரும்பாலும் அவர்கள் காணும் விடை நஷ்டம் என்பதே. அவ்விடை இருமுறை பெரிதும் பொய்த்தது. அந்த வரலாற்றையே ஈண்டுக் கூற விரும்புகிறோம்.

நம்மவர் படங்கள் தீபாவளியையும் பொங்கலையும் நோக்கிக் காத்திருப்பதுபோல, அமெரிக்கப் படங்கள் பள்ளிகள் மூடியிருக்கும் கோடை மாதங்களுக்காகக் காத்திருக்கின்றன. இவ்வழக்கம் தொன்றுதொட்டு வந்ததன்று. 1975 ஜூன் 20-ந் தேதி, சுறாமீனைப் பற்றிய 'ஜாஸ்' என்னும் படம் ஒரே நாளில் நானூற்றுக்கு மேற்பட்ட கொட்டகைகளில் திறக்கப்பட்டது. அதற்குமுன் பெரிய படங்கள் சில நகரங்களில் தொடங்கி, மெல்ல மெல்லச் சிற்றூர்களுக்குச் செல்வதே பெருவழக்கு. 'ஜாஸ்' படத்தார் தொலைக்காட்சியில் விளம்பரத்தை வாரியிறைத்து, நாடு முழுவதையும் ஒரே வாரத்தில் கொட்டகைக்கு இழுத்தனர். இரண்டாண்டு கழித்து, 1977 மே மாதத்தில் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. அன்றுமுதல் கோடை என்பது பூதங்களுக்கும் விண்கப்பல்களுக்கும் உரிய காலமாயிற்று. முதல் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள் வசூலே ஒரு படத்தின் தலையெழுத்து என்னும் கொள்கையும் அதனோடு வளர்ந்தது.

அந்நாளில் பாட்டுப் படத்தின் மதிப்போ தாழ்ந்து கிடந்தது. 1965-ல் வெளிவந்த 'சவுண்ட் ஆப் மியூசிக்' அதுவரை கண்டிராத வசூலைக் குவித்ததைக் கண்டு, அதனை எடுத்த கம்பெனியே 'டாக்டர் டூலிட்டில்', 'ஸ்டார்', 'ஹலோ டாலி' என்று பெரும்பொருள் செலவிட்டு வரிசையாகப் பாட்டுப் படங்களை எடுத்தது. மூன்றும் போட்ட முதலைத் திருப்பித் தரவில்லை. பேராசையால் வந்த நஷ்டத்துக்குப் பாட்டின்மீது பழி விழுந்தது. இஃது எங்கும் நடப்பதுதானே!

இந்நிலையில்தான் 1978 ஜூன் 16-ந் தேதி வந்தது. அன்று இரண்டு படங்கள் ஒருங்கே திறக்கப்பட்டன. ஒன்று, பழைய சுறாமீனின் வாரிசாகிய 'ஜாஸ் 2'. மற்றொன்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காதலைப் பாட்டாகச் சொல்லும் 'கிரீஸ்'. முதல் மூன்று நாளில் சுறாமீன் ஏறத்தாழ 98 இலட்சம் டாலரும் பாட்டுப் படம் 89 இலட்சம் டாலரும் ஈட்டின. முதலிடம் சுறாவுக்கே. ஆனால் ஆண்டுக் கணக்கை மூடியபோது, அமெரிக்காவில் அவ்வாண்டு வெளியான படங்களில் வசூலில் தலைசிறந்து நின்றது 'கிரீஸ்'. ஏறத்தாழ 16 கோடி டாலர்! சுறாவுக்குக் கிட்டியது அதிற் பாதியளவே. 'கிரீஸ்' படத்துக்குச் செலவான தொகை 60 இலட்சம் டாலர். சுறாவுக்கோ அதைப்போல் மும்மடங்குக்கு மேல்.

காரணம் என்ன? சுறாமீனின் வாயை ஒருமுறை கண்டபின் மறுமுறை காண்பதற்கு என்ன இருக்கிறது? பாட்டோ அவ்வாறன்று. படம் வருவதற்கு முன்பே அதன் பாடலொன்று இசைத்தட்டு விற்பனையில் முதலிடம் பெற்றிருந்தது. வானொலியில் கேட்டவர் கொட்டகைக்கு வந்தனர். கொட்டகையில் கேட்டவர் இசைத்தட்டு வாங்கினர். வாங்கியவர் மீண்டும் கொட்டகைக்கு வந்தனர்.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 2008 ஜூலை 18-ந் தேதி, பேட்மன் என்னும் வௌவால் வீரனின் கதையான 'டார்க் நைட்' 4,366 கொட்டகைகளில் திறக்கப்பட்டது. அதில் கொடியவனாக நடித்த ஹீத் லெட்ஜர் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே இறந்துபோனமையால், அவருடைய நடிப்பைக் காண உலகமே காத்திருந்தது. அதே நாளில், சுவீடன் நாட்டு 'ஆபா' குழுவினரின் பழைய பாடல்களைக் கோத்து எடுத்த 'மம்மா மியா' என்னும் பாட்டுப் படமும் அமெரிக்காவில் வெளியாயிற்று. முதல் மூன்று நாளில் வௌவால் வீரன் 15 கோடியே 84 இலட்சம் டாலர் ஈட்டினான். அன்றளவில் அதுபோன்ற தொடக்கம் எப்படத்துக்கும் வாய்த்ததில்லை. பாட்டுப் படத்துக்குக் கிட்டியது 2 கோடியே 77 இலட்சம்.

இத்துடன் கணக்கை மூடுவோர் பாட்டுப் படம் நசுங்கியது என்றே எழுதுவர். ஆயின், இரண்டாம் வாரத்தில் வௌவால் வீரனின் வசூல் பாதிக்குமேல் இறங்க, பாட்டுப் படத்தின் வசூல் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலாகவே இறங்கிற்று. முடிவில் அது அமெரிக்காவில் 14 கோடியே 40 இலட்சம் டாலர் பெற்றது. தொடக்க வசூலைப்போல் ஐந்து மடங்கு. உலகெங்கும் சேர்த்துப் பெற்றது ஏறத்தாழ 61 கோடி. அதன் செலவு 5 கோடியே 20 இலட்சம்தான். 'டார்க் நைட்' 18½ கோடி செலவிட்டு 100 கோடியைத் தாண்டியது. மொத்தத்தில் பெரியது அதுவே, எவரும் மறுப்பதற்கில்லை. முதலுக்கு எத்தனை மடங்கு திரும்பியது என்று கேட்டால், பாட்டுப் படமே இருமடங்கு மேலானது. இங்கிலாந்திலோ அஃது அவ்வாண்டு முடிவதற்குள் 'டைட்டானிக்' படத்தையே வென்று, அந்நாட்டில் அதுவரை அதிக வசூல் பெற்ற படம் என்னும் பெயரை எடுத்தது.

அப்படத்தை எடுத்தவர் யாவர்? தயாரித்தவர்களில் முதன்மையானவர் ஜூடி கிரேமர். கதை வசனம் எழுதியவர் கேதரின் ஜான்சன். இயக்கியவர் பிலிடா லாயிட். மூவரும் பெண்மணிகள், 1999-ல் இலண்டனில் இதனை மேடை நாடகமாக அரங்கேற்றியவர்களும் இவர்களே. தலைமை நடிகை மெரில் ஸ்டிரீப்புக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது. கதையின் நாயகி, கிரேக்கத் தீவொன்றில் விடுதி நடத்தித் தனியொருத்தியாக மகளை வளர்த்த தாய். மகளின் தகப்பன் மூவருள் எவன் என்பது அவளுக்கே தெரியாது. நம் கதாசிரியர் கையில் அகப்பட்டிருந்தால் அவளைக் கண்ணீரில் மூழ்கடித்து, கடைசிச் சுருளில் சாகடித்திருப்பர்! இப்படத்தில் அவள் பாடுகிறாள், ஆடுகிறாள், எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. இதனைக் காண வந்தவர்களிற் பெரும்பகுதியினர் பெண்கள். அவர்களுள் நடுவயது கடந்தவர் பலர்.

கோடைக் கணக்கில் இவர்களுக்கு இடமிருந்ததில்லை. இளைஞரே கொட்டகையை நிரப்புவர் என்பது வியாபாரிகளின் உறுதியான எண்ணம். வெள்ளிக்கிழமை இரவே ஓடிவந்து வரிசையில் நிற்க இளைஞனால் இயலும். வீட்டு வேலையும் வெளி வேலையும் பார்க்கும் மாதர் அவ்வாறு வர இயலுமா? தோட்டப்புறத்துத் தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். பட்டணத்துக்குப் படம் பார்க்கச் செல்வதென்றால் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்பதிலிருந்து தொடங்கும். அவர்கள் வருவது அடுத்த வாரம்; தனியே அல்ல, தமக்கை தங்கையோடும் மகளோடும் வருவர். மூன்று நாட் கணக்கு அவர்களைக் காணாது. 2008 ஆகஸ்டு மாத இறுதியில், பாடல் வரிகளைத் திரையில் எழுதிக் காட்டும் பிரதிகள் அமெரிக்கக் கொட்டகைகளுக்கு அனுப்பப்பட்டன. பியர்ஸ் பிராஸ்னன் பாடிய பாட்டைப் பத்திரிகைக்காரர் எள்ளி நகையாடினர். படம் பார்த்தோர் அதனையும் சேர்த்தே பாடினர்.

இவ்வளவு கூறியதால், பாட்டு இருந்தாற் போதும், கோடையில் வெற்றி நிச்சயம் என்று யாம் சொல்வதாக எண்ணவேண்டா. 'கிரீஸ்' படத்தின் தயாரிப்பாளருள் ஒருவரான ராபர்ட் ஸ்டிக்வுட், அதே 1978 கோடையில் 'பீட்டில்ஸ்' பாடல்களை வைத்து எடுத்த படம் பெரும் ஏமாற்றமாயிற்று. 2012 ஜூனில் வந்த 'ராக் ஆப் ஏஜஸ்' 7½ கோடி டாலர் செலவிட்டு அமெரிக்காவில் நான்கு கோடியைக்கூட எட்டவில்லை. புகழ்பெற்ற நடிகர் டாம் குரூஸ் இருந்தும் பயனில்லை. 2021 ஜூனில் 'இன் தி ஹைட்ஸ்', பத்திரிகைகளின் பாராட்டைப் பெற்றும், முதல் மூன்று நாளில் 1 கோடியே 15 இலட்சம் டாலரோடு நின்றது. அது கொள்ளைநோய்க் காலம். வெளியான அன்றே வீட்டிலிருந்து பார்க்கவும் வழி செய்திருந்தனர். ஆகவே அதன் தோல்விக்குப் பாட்டை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று.

'மம்மா மியா'வின் இரண்டாம் பாகம் 2018 ஜூலை 20-ந் தேதி வந்தது. எதிர்த்து நின்றது 'ஈக்வலைசர் 2' என்னும் அடிதடிப் படம். அடிதடிக்கு 3 கோடியே 60 இலட்சம், பாட்டுக்கு 3 கோடியே 49 இலட்சம், மறுபடியும் இரண்டாமிடம். உலகக் கணக்கு முடிந்தபோது பாட்டுப் படம் 40 கோடி டாலரை நெருங்கியிருந்தது. அடிதடிப் படம் 20 கோடியைத் தொடவில்லை.