சுருட்டும் உப்புக் கிண்ணமும்

முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பிய 11ஆம் நூற்றாண்டில் நம் நாட்டில் புகையிலை கிடையாது. அமெரிக்க மண்ணின் அச்செடி போர்த்துக்கீசியர் வழியே இங்கு வந்தது. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் 1617இலும், துருக்கி சுல்தான் நான்காம் முராத் 1633இலும் அதற்குத் தடை விதித்தனர். ஹராமா, மக்ரூஹா என்று உலமாக்கள் விவாதித்தனர். ஆயினும் புகை பரவிற்று.

1995 வரை இச்சோழத் தலைநகரைத் தன்னுள் கொண்டிருந்த திருச்சி மாவட்டத்தின் சுருட்டு, ஆங்கிலேயர் ஆட்சியில் கடல் கடந்தது. 'செரூட்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு'தான். 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி புகைத்தது திருச்சிச் சுருட்டு என்பதைச் சாம்பலே காட்டிக் கொடுக்கிறது.

சுருட்டைப் பேணுவது எளிதன்று. உலர்ந்தால் இலை நொறுங்கும்; ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பூக்கும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70ஐ ஒட்டி நிற்க வேண்டும். செல்வர் இதற்கென விலையுயர்ந்த மரப்பெட்டி வாங்குவர். எளியவர்க்கோ இறுக மூடும் கண்ணாடிச் சாடியும், அதனுள் ஒரு கிண்ணத்தில் சிறிது நீர் விட்டுக் குழைத்த சோற்றுப்பும் போதும். உப்பு முழுதும் கரையாதிருக்கும் வரை ஈரப்பதம் 75 அளவிலேயே நிற்கும்.

ஓர் இலைக்கு இத்தனை பேணுதல்! சுருட்டும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பதை மருத்துவம் இன்று ஐயமற நிறுவிவிட்டது. இறைவன் அமானிதமாய்த் தந்த உடலுக்கு அந்தப் பேணுதலில் பாதியேனும் வேண்டாமா?