20 பேர், 60 ஸ்கேன்: சாம்பிள் எவ்வளவு?

1/ பி.ஜி. மாணவர்கள் அடிக்கடி கேட்பது: "சார், 20 பேஷண்ட், ஆளுக்கு 3 முறை மூளை எம்.ஆர்.ஐ. அப்போ சாம்பிள் 60 தானே?" இல்லைங்க, 20 தான். ஏன்னு புரிய நம்ம சென்னைக் கதை ஒண்ணு இருக்கு.

2/ 1981-82. மெட்ராஸ் ஜி.எச். மனநலப் பிரிவு. மனச்சிதைவு நோய் முதல்முறையாக வந்த 90 பேரை ஆய்வில் சேர்த்தார்கள். பிறகு டாக்டர் ஆர். தாரா குழுவினர், 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பில் அதைத் தொடர்ந்தார்கள். அம்பத்தூர்க்காரர்களுக்குப் பக்கம்தான், அண்ணா நகர் மேற்கு விரிவு.

3/ அங்கே ஸ்கேன் இல்லை, நேரில் பேசிப் பார்த்துக் குறித்த அறிகுறிகள்தான். முதல் வருடம் மாதாமாதம் பதிவு. ஆனால் ஒருவருடைய இந்த மாத நிலை, அவருடைய போன மாத நிலையையே ஒத்திருக்கும். 12 பதிவு என்பது 12 மனிதர்கள் ஆகாது. அப்படி எண்ணினால், குழுக்களை ஒப்பிடும்போது இல்லாத வித்தியாசமும் இருப்பதாகத் தெரியும்.

4/ அந்த மெட்ராஸ் தரவு, 2002-ல் வந்த டிகிள் குழுவினரின் புள்ளியியல் பாடநூலில் உதாரணமாகவே இடம்பெற்றது. நம்ம ஊர் நோயாளிகளை வைத்து உலகம் பாடம் படிக்குது!

5/ அடுத்த சிக்கல்: 10 ஆண்டில் 76 பேர், 20 ஆண்டில் 61 பேர்தான் ஆய்வில். பழைய 'ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா'வில் ஒரு விசிட் தவறினால் ஆளே அவுட். லெய்ர்டு, வேர் 1982-ல் முன்வைத்த கலப்பு மாதிரி, கிடைத்த பதிவுகளை வீணாக்காது. ஆனால் நோய் முற்றியதாலேயே ஒருவர் வராமல் போனால், எந்த ஃபார்முலாவும் முழுசா காப்பாத்தாது. வீடு தேடிப் போகத்தான் வேணும்.

6/ மூளை ஸ்கேனிலும் இதே கதைதான், கூடவே மெஷின் தொல்லை. மூன்றாவது ஸ்கேனுக்கு முன் மெஷினை மாற்றிவிட்டால், மாறியது மூளையா மெஷினா? நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒவ்வொரு கட்டத்திலும் கலந்து எடுத்தால்தான் ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும்.

7/ ஆவடி தொழுநோய்க் களப்பிரிவும் மெட்ராஸ் மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் 1999-ல் இணைந்து உருவானதுதான், இன்று அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். நோயைப் பார்ப்பவரும் கணக்கைப் பார்ப்பவரும் ஒரே கூரையின் கீழ்! தம்பி, தங்கைகளே, நீங்களும் புள்ளியியல் நிபுணரைப் பாருங்க. கடைசி ஸ்கேனுக்கு அப்புறம் இல்ல, முதல் ஸ்கேனுக்கு முன்னாடி.