மருத்துவக் கல்விமுறைகள்: நாடுகளிடை ஒப்பீடு

மருத்துவக் கல்வி என்பது ஒருவரை மருத்துவராகப் பதிவுபெறத் தகுதியாக்கும் பட்டப்படிப்பும் அதைத் தொடரும் மேற்பார்வைப் பயிற்சியும் ஆகும். சேர்க்கை நிலையைக் கொண்டு இது இருவகைப்படும். பள்ளி முடித்ததும் சேரும் முறை இந்தியா, இலங்கை, ஜெர்மனி முதலிய நாடுகளில் உள்ளது. வேறொரு பட்டத்துக்குப் பின் சேர்வது அமெரிக்காவில் வழக்கம்.

இந்தியாவின் எம்.பி.பி.எஸ். 4½ ஆண்டுப் படிப்பும் ஓராண்டு சுழற்சிப் பயிற்சியும் கொண்டது. ‘ஹவுஸ் சர்ஜன்’ எனப்படும் பயிற்சி மருத்துவர் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு முதலிய வார்டுகளில் மாறி மாறிப் பணிபுரிவார். பிரிட்டனில் 5 அல்லது 6 ஆண்டுப் படிப்பை அடுத்து 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சி. முதலாண்டு முடிவில் முழுப் பதிவு கிடைக்கும். ஜெர்மனியில் 6 ஆண்டுப் படிப்பின் கடைசி ஆண்டு மருத்துவமனையில் கழியும்.

அமெரிக்காவில் 4 ஆண்டு எம்.டி.க்குப் பின் துறைக்கேற்ப 3 முதல் 7 ஆண்டு உறைவிடப் பயிற்சி உண்டு. மாணவரும் மருத்துவமனைகளும் தனித்தனியே தரும் விருப்பப் பட்டியல்களைக் கணினி பொருத்தி இடம் ஒதுக்கும். முடிவு மார்ச்சில் வெளியாகும். அமெரிக்க மருத்துவக் கல்விமுறைக்கு அடித்தளமிட்டது ஆபிரகாம் பிளெக்ஸ்னரின் 1910ஆம் ஆண்டு அறிக்கை. அதன் பின் தரம் உயர்ந்தது. ஆனால் கறுப்பினத்தவருக்கான 7 மருத்துவப் பள்ளிகளுள் 2 மட்டுமே எஞ்சின.

வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்த இந்தியருள் பெரும்பாலோர் தாயகத்தில் பதிவுபெறத் தனித் தகுதித் தேர்வில் தேற வேண்டும்.